நடுக்கடலில் ஒருவர் விழுந்த இரவு: நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

தூக்கம்தொலைத்தவள்:

ஆறு வாரம் ஆகிவிட்டது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். கப்பலின் பெயரையும் அது போன பாதையையும் சொல்லப்போவதில்லை. தயவுசெய்து யாரும் ஊகிக்க வேண்டாம்.

பயணத்தின் நான்காம் இரவு, மணி ஒன்றே முக்கால் இருக்கும். கப்பல் சங்கு மூன்று முறை நீளமாக ஊதியது. ஒலிபெருக்கியில் ‘ஆஸ்கர், ஆஸ்கர், ஆஸ்கர்’ என்றார்கள். கடலில் ஆள் விழுந்துவிட்டார் என்பதற்கான குறிச்சொல் அது. அடுத்து கப்பல் திரும்பியது. அவ்வளவு பெரிய கப்பல் அப்படிச் சாயும் என்று நான் நினைத்ததே இல்லை. மேசையிலிருந்த தண்ணீர் தம்ளர் தானாக நகர்ந்து விளிம்பில் போய் நின்றது. என் மாமியார் உயிர்காப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர், விடியும்வரை அதைக் கழற்றவில்லை.

நானும் கணவரும் மேல்தளத்துக்குப் போனோம். அங்கே நூறு பேராவது இருந்திருப்பார்கள். பாதிப்பேர் கைபேசி விளக்கைக் கடலை நோக்கிப் பிடித்திருந்தார்கள், மீதிப்பேர் படம் எடுத்தார்கள். ‘குடித்திருப்பான்’ என்றார் ஒருவர். ‘விழுந்திருக்கமாட்டான், குதித்திருப்பான்’ என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் பந்தயம் கட்டாத குறை. என் கணவரும் கைபேசியை எடுத்துப் பதிவு செய்தார். அதற்காக அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

ஒன்பது மணி நேரம் தேடினார்கள். அதன்பிறகு கடலோரக் காவல்படை பொறுப்பேற்றுக்கொண்டது, நாங்கள் கிளம்பினோம். அவர் கிடைக்கவில்லை. அன்று இறங்க வேண்டிய துறைமுகம் ரத்தானது. உதவி மேசையில் பணத்தைத் திருப்பிக் கேட்டு நீண்ட வரிசை. மாலையில் நீச்சல்குளத்தருகே வழக்கம்போல வினாடி வினா.

மனிதர்கள் இப்படித்தானா? அந்த இரவில் எங்களால் உருப்படியாக எதையாவது செய்திருக்க முடியுமா?

கணக்குப்பிள்ளை:

சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். கப்பலின் கைப்பிடிக் கம்பி நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே வரும். சும்மா நிற்கிறவர் அதைத் தாண்டி விழமாட்டார். வேண்டுமென்றோ முட்டாள்தனமாகவோ ஒருவர் போனதற்காக மூவாயிரம் பேர் ஒன்பது மணி நேரம் காத்திருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் பணம் கொடுத்து வந்தவர்கள்தானே? இதில் குற்ற உணர்ச்சிக்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

பழைய சுக்கான்:

அம்மா, 31 வருடம் கப்பலில் இருந்தவன் நான். அதில் கடைசி 14 வருடம் பயணிகள் கப்பல்களில், இரண்டாம் மேட்டாக, அதாவது கப்பலைச் செலுத்தும் அதிகாரிகளில் ஒருவனாக. முதலில் கணக்குப்பிள்ளைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

தம்பி, அந்தக் கம்பியின் உயரம் 42 அங்குலம். அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும் கப்பல்களுக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த குறைந்தபட்ச அளவு அது. சும்மா நிற்கிறவர் விழுவது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனிதர்கள் சும்மா நிற்பதில்லை. படத்துக்காக ஏறி உட்காருகிறார்கள். சாவியை மறந்துவிட்டுப் பக்கத்து பால்கனியிலிருந்து தாவுகிறார்கள். வயிற்றைக் கம்பியில் அழுத்திக் குனிந்து வாந்தி எடுக்கிறார்கள். சிலர் தாமாகவே போகிறார்கள், மறுக்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் தண்ணீரைத் தொட்டதுமே திரும்பி வர ஆசைப்பட்டார்கள் என்று பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையில், நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? காரணம் கேட்டுவிட்டுச் சுக்கானைத் திருப்பும் வழக்கம் கடலில் கிடையாது.

காரணம் கற்பிக்கிற அவசரத்துக்கு ஒரு உதாரணம் போதும். 2025 ஜூன் கடைசியில் ‘டிஸ்னி ட்ரீம்’ கப்பலின் நான்காம் தளத்திலிருந்து ஒரு சிறுமி கடலில் விழுந்தாள். தந்தை பின்னாலேயே குதித்தார். மீட்புப் படகு வரும்வரை அவளைத் தாங்கிப் பிடித்து மிதந்தார், இருவரும் பிழைத்தார்கள். ஆனால் அவர்கள் கரையேறுவதற்குள், படம் எடுக்க மகளைக் கம்பியில் தூக்கி வைத்தவரே அவர்தான் என்ற கதை உலகம் சுற்றிவிட்டது. காவல்துறை கேமரா பதிவைப் பார்த்தபோது அவர் தூக்கி வைக்கவில்லை என்று தெரிந்தது. கதையைப் பரப்பியவர்கள் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், அம்மா. உங்கள் தம்ளர் நகர்ந்தது என்றீர்களே, அதற்கு வில்லியம்சன் திருப்பம் என்று பெயர். ஆள் விழுந்த பக்கமே சுக்கானை முழுக்க ஒடிக்க வேண்டும். அப்போது பின்புறமும் உந்துவிசிறியும் அவரைவிட்டு விலகும். 60 டிகிரி திரும்பியதும் சுக்கானை எதிர்ப்பக்கம் ஒடித்தால், கப்பல் ஒரு பெரிய வளைவு எடுத்து, வந்த தடத்திலேயே எதிர்த்திசையில் வந்து நிற்கும். இரவில், ஆளைக் கண்ணால் பார்க்க முடியாதபோது கைகொடுப்பது இதுதான். தம்ளர் நகர்ந்தால் பிரிட்ஜில் இருப்பவன் தூங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் திரும்பி வருவதற்குள் என்ன ஆகிறது? 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் கப்பல் ஒரு நிமிடத்தில் 600 மீட்டருக்கு மேல் போய்விடும். ஓடிப்போய் வரவேற்பு மேசையில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று நீங்கள் கிளம்பினால், திரும்பி வரும்போது அவர் இருந்த இடம் எது என்று உங்களுக்கே தெரியாது. தண்ணீரில் உடம்பு தெரியாது, தலை மட்டும்தான். அதுவும் அலையின் முதுகில் வரும்போது மட்டும்.

ஆகவே விழுவதைப் பார்த்தவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஓடுகிற வேலையை அடுத்தவரிடம் விட வேண்டும். மிதக்கிற எதுவானாலும் தூக்கி எறியலாம். கம்பியருகே மாட்டியிருக்கும் மிதவை வளையம் முதலில். அது எட்டாவிட்டால் சாய்வு நாற்காலியின் மெத்தை. அவர் கைக்கு அது எட்டாமல் போகலாம், ஆனால் எங்களுக்கு அது தடம். பிரிட்ஜிலிருந்து நாங்கள் தள்ளிவிடும் வளையத்தில் விளக்கும் புகைக்குப்பியும் சேர்ந்திருக்கும். புகை குறைந்தது 15 நிமிடம் வரும், விளக்கு இரண்டு மணி நேரம் எரியும். எல்லாவற்றுக்கும் மேல், கையை நீட்டி ஆளைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுக்கவே கூடாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் கப்பலில் ஒரு அம்மா இருந்தார், வயது எழுபதை ஒட்டி. மேல்தளத்தில் நாற்காலி இழுக்கிற சத்தத்தால் தூக்கம் கெடுகிறது என்று நான்கு நாளில் மூன்று புகார் எழுதியவர். மூன்றையும் விசாரிக்க என்னைத்தான் அனுப்பினார்கள். அவர் தலையைக் கண்டாலே நான் வேறு படிக்கட்டில் இறங்கிவிடுவேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஓர் இளைஞன் விழுந்தான். மீட்புப் படகில் இறங்கிய மூன்று பேரில் நானும் ஒருவன். மேலிருந்து பார்த்தபோது சமதளமாகத் தெரிந்த கடல், படகில் உட்கார்ந்ததும் சுவர் சுவராக எழுந்தது. எதுவும் தெரியவில்லை. வாக்கி டாக்கியில் மட்டும் ‘இன்னும் வலப்பக்கம், இன்னும் வலப்பக்கம், அப்படியே நேராக’ என்று குரல் வந்துகொண்டிருந்தது. போனோம், எடுத்தோம், உயிர் இருந்தது.

மேலே ஏறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பிரிட்ஜின் ஓரத்தில் நின்று எங்களுக்கு வழி சொன்ன அதிகாரியும் அவனைத் தவறவிட்டிருந்தார். அவர் கடலைப் பார்க்கவில்லை, ஏழாம் தளத்தில் நின்ற அந்த அம்மாவின் கையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கப்பல் திரும்பத் திரும்ப, அந்த அம்மா கண்ணை எடுக்காமல் கம்பியைத் தொட்டபடி பக்கவாட்டில் நடந்து, பின்தளத்தைச் சுற்றி மறுபக்கம் வந்திருக்கிறார். கால் தடுக்கிவிடக் கூடாதென்று துப்புரவுப் பணியாளர் ஒருவர் அவரது இடுப்பைப் பிடித்தபடி கூடவே நடந்திருக்கிறார். 22 நிமிடம். எல்லாம் முடிந்த பிறகு அவருக்குக் கை கீழே இறங்கவில்லை. நர்ஸ் வந்து தோளைத் தேய்த்துவிட்டுத்தான் இறக்கினார்.

மறுநாள் காலை நான்காவது புகார் வந்தது. அதே நாற்காலிச் சத்தம்.

அதனால்தான், உதவி மேசை வரிசையில் நின்றவர்களை நான் திட்டமாட்டேன். பயத்தில் மனிதர்கள் அசட்டுத்தனமாகப் பேசுவார்கள், இறுக்கம் தாங்காமல் சிரிக்கவும் செய்வார்கள். எனக்கு வாயைப் பற்றிக் கவலையில்லை, கண் எங்கே இருக்கிறது என்பதுதான் கவலை. ஆனால் அந்தக் கைபேசி விளக்குகளுக்குக் கட்டாயம் திட்டுவேன். அந்த வெளிச்சம் கடலில் ஓர் அடிகூட உதவாது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். பக்கத்தில் ஒருவர் விளக்கைப் போட்டால், பார்க்க முயல்கிறவரின் அந்த அரை மணியும் போயிற்று.

ஒன்பது மணி நேரம் சும்மா கண்துடைப்பு என்றும் நினைக்காதீர்கள். 2018 ஆகஸ்டில் ஏட்ரியாட்டிக் கடலில் விழுந்த பெண் பத்து மணி நேரத்துக்குப் பிறகு கிடைத்தார். குளிர் தெரியாமலிருக்க இரவெல்லாம் பாடினாராம். அதே ஆண்டு ஜூலையில் கியூபாவுக்கு வடக்கே கப்பல் ஊழியர் ஒருவரை 22 மணி நேரம் கழித்து அந்த வழியே வந்த வேறொரு சொகுசுக் கப்பல் கண்டெடுத்தது. 2022 நவம்பரில் மெக்சிகோ வளைகுடாவில் 15 மணி நேரத்துக்கு மேல் மிதந்தவரை முதலில் பார்த்தது ஒரு சரக்குக் கப்பலின் ஆட்கள். வெதுவெதுப்பான நீர் அவர்களுக்கு வாய்த்தது. குளிர்நீரில் கதை வேறு: முதல் நிமிடம் மூச்சே வசப்படாது, பத்து நிமிடத்தில் கைகால் பேச்சைக் கேட்காது.

அண்ணனைத்தேடுகிறேன்:

என் அண்ணன் கப்பல் சமையலறையில் வேலை பார்த்தான். அவன் போனதை யாரும் பார்க்கவில்லை. காலை வேலைக்கு வரவில்லை என்றுதான் தேடினார்கள். அறைக்கதவு அட்டை கடைசியாகப் பதிவானது இரவு 11.40. ஆளில்லை என்று தெரிந்தது காலை 5.30. இடைப்பட்ட நேரத்தில் கப்பல் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நான் எத்தனையோ முறை கணக்குப் போட்டுவிட்டேன்.

அம்மா ஒரு கேள்விதான் கேட்டார்: யாராவது தேடினார்களா? தேடினார்கள், கப்பல் திரும்பி வந்தது என்று சொல்ல முடிந்தது. வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. செய்திக்குக் கீழே ‘குடித்திருப்பான்’ என்று எழுதியவர்களுக்கு நான் பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் அனுப்பவில்லை. அவன் குடிக்கமாட்டான். குடிப்பவனாக இருந்தால் மட்டும் என்ன?

கணக்குப்பிள்ளை:

மேலே நான் எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும். மன்னித்துவிடுங்கள்.

ஒரு சந்தேகம், ஐயா. இத்தனை கேமரா இருக்கும் கப்பலில் ஒருவர் விழுந்ததும் தானாக மணி அடிக்காதா?

பழைய சுக்கான்:

அடிக்க வைக்கலாம். கப்பலின் பக்கவாட்டில் வெப்பக் கேமராவும் ரேடாரும் பொருத்தி, விழுவது ஆள்தானா என்று பார்க்கும் கருவிகள் இருக்கின்றன. 2020-இல் இதற்கென்று ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரமும் வந்துவிட்டது. தொல்லை என்னவென்றால் பறவை, தெறிக்கும் அலை, யாரோ வீசிய துண்டு எல்லாமே விழுகின்றன. இரவுக்கு நான்கு முறை பொய்மணி அடித்தால் ஐந்தாவது மணியை எவன் நம்புவான்? அமெரிக்கச் சட்டமும் இந்தத் தொழில்நுட்பம் ‘கிடைக்கிற அளவுக்கு’ என்றுதான் சொல்கிறது. அந்த இரண்டு சொல்லுக்குள் ஒரு கப்பலையே ஓட்டிவிடலாம். போட்ட கப்பல்களும் உண்டு, போடாதவையும் உண்டு. 2009 முதல் 2019 வரை உலகெங்கும் இப்படிப் போனவர்கள் 212 பேர், மீட்கப்பட்டவர்கள் 48 பேர் என்று ஒரு தொழில்துறைக் கணக்கு இருக்கிறது. மீதி 164-இல் எத்தனை பேர் உங்கள் அண்ணனைப்போல, நேரம் தெரியாமல் போனவர்களோ, தம்பி. மணி அடித்திருந்தால் நேரமாவது தெரிந்திருக்கும்.

தூக்கம்தொலைத்தவள் அம்மாவுக்கு இன்னொன்று. உங்கள் கணவர் எடுத்த பதிவு இன்னும் இருக்கிறதா? இருந்தால் அழிக்காதீர்கள், எங்கும் போடவும் போடாதீர்கள். கப்பலின் பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். மிதவை விளக்கு எங்கே தெரிந்தது, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்பதெல்லாம் விசாரணைக்கு உதவலாம். அவரோடு பேசாமல் இருந்த இரண்டு நாளை எப்படியாவது ஈடுகட்டிவிடுங்கள்.

தூக்கம்தொலைத்தவள்:

இருந்தது, ஐயா. அவர் அழித்திருப்பார் என்று நினைத்தேன், அழிக்கவில்லை. நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

மொத்தம் 19 வினாடி. பெரும்பாலும் கறுப்பு. இடது ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை ஒளி மேலே வருகிறது, மறைகிறது, மறுபடி வருகிறது. அன்று நான் அதைப் பார்க்கவே இல்லை, சுற்றியிருந்தவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பதினோராவது வினாடியில் மிக அருகில் ஒரு பெண் குரல் கேட்கிறது: ‘அப்படியென்றால் நாளைக்கு நாம் இறங்க முடியாதா?’

என் குரல்தான். கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. கணவர் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அந்த இடத்தை வெட்டிவிட்டு அனுப்பலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வெட்டினால் நேரக்கணக்கு தவறிவிடும். இன்று காலை முழுதாக அனுப்பிவிட்டோம்.