பல வருடம் கிடந்த காரை வீட்டிலேயே பிரித்தவர்கள்: இன்னும் மனதை விடாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கவன்ட்ரிக்காரன்

டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1500 ஸ்போர்ட்ஸ் கார், 1976 மாடல். எங்கே கிடந்தது, எவ்வளவு கொடுத்தேன் என்பதெல்லாம் வேண்டாம், இங்கே எல்லோருக்கும் அந்தக் கதை ஒன்றுதான். சொல்ல வந்தது சில் பற்றி, அதாவது கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டி.

இடது சில்லில் காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. சரி, பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று கிரைண்டரை எடுத்தேன். விரல் கனத்துக்குப் பட்டி. அது போனால் ஃபைபர் துணி. அதற்குப் பின்னால் தகடு இருக்க வேண்டிய இடத்தில் கசக்கித் திணித்த செய்தித்தாள். ஒரு தாள்கட்டை மெல்லப் பிரித்தேன். உள்மடிப்பில் எழுத்து அப்படியே இருந்தது: சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1984. கார் பிறந்து எட்டு வருடத்தில் சில் முழுக்கப் போயிருக்கிறது.

என்னை உறுத்துவது தாள் இல்லை, அந்தப் பட்டி வேலை. சில்லின் கீழ் விளிம்பில் வரும் மடிப்பைக் கையாலேயே வடித்திருக்கிறார். ஸ்பாட் வெல்டின் சின்னச் சின்னக் குழிகளைக்கூட அதே இடைவெளியில் அழுத்தி வைத்திருக்கிறார். ஸ்பிட்ஃபயருக்கு அடியில் தனிச் சேஸிஸ் இருந்தாலும் பாடியின் நடுப்பகுதி வளையாமல் நிற்பது சில்லால்தான். இவ்வளவு தெரிந்த கைக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அந்தக் காரில் அப்புறம் யார் யாரோ குடும்பத்தோடு போயிருப்பார்கள். கராஜில் தனியாக இருக்கும்போதெல்லாம் அந்த ஆளோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வண்டலூர்வாசி

என்னுடையது ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 2, ரெண்டு கதவு. ஸ்போர்ட்ஸ் கார் இல்லையே என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ் யோசனையும் முன் சஸ்பென்ஷனும் ஹெரால்டிலிருந்து எடுத்ததுதான். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவரும் ஒருவரே, மிக்கெலோத்தி. கவன்ட்ரியில் கட்டிய அதே ஹெரால்டைத்தான் நம்மூரில் வண்டலூர் பக்கம் கட்டினார்கள். நாலு கதவு வைத்த மார்க் 3 உலகத்திலேயே இங்கே மட்டும்தான் வந்தது.

அம்பத்தூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் கிடந்த வண்டி. தெருப் பையன்கள் தள்ள, நான் ஸ்டியரிங்கில். கேட்டைத் தாண்டி முழு ஒடிப்பு ஒடித்தேன். ‘டொக்’ என்று ஒரு சத்தம். முன்பக்க இடது மூலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் ஒட்டகம் காலை மடக்கியதுபோல் சக்கரம் வளைவுக்குள் படுத்துக் கிடக்கிறது. டிரன்னியன், அதாவது முன் சக்கரத் தண்டு கீழே திருகி நிற்கிற பித்தளை மூட்டு, போய்விட்டது.

வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்து ஓடி வந்தார். “போன வருஷம் வரைக்கும் பேத்தியை இதுலதான் உக்கார வெச்சு தெருவை ஒரு சுத்து சுத்துவேன்” என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் பேச்சு வரவில்லை. தள்ளும் வேகத்தில் நடந்தது ஜிஎஸ்டி ரோட்டில் நடந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

கழற்றிப் பார்த்தேன். உள்ளே மரைக்கு மேலே காய்ந்து பாறையாய்ப் போன கிரீஸ், கீழே தண்ணீர் இறங்கிய துரு. பித்தளை டிரன்னியனுக்குள் திருகி நிற்கிற இரும்புத் தண்டு, மரை முடிகிற இடத்தில் ஒடிந்திருந்தது. கம்பெனி கையேட்டிலேயே அங்கே கியர் ஆயில் விடு என்று இருக்கிறது. நம் ஒர்க்‌ஷாப்களில் நிப்பிளைப் பார்த்தால் கிரீஸ் கன்னைத்தான் வைப்பார்கள்.

பாப்பநாயக்கன்பாளையம் ராஜு

வண்டலூர்வாசி சொல்வதை முழுக்க ஏற்க முடியாது. கிரீஸ் குற்றவாளி இல்லை, கவனிக்காமல் விட்டதுதான் குற்றம். எங்கள் வீட்டு ஹெரால்டுக்கு அப்பா காலத்திலிருந்து கிரீஸ்தான். இன்றும் திருப்பூர் வரை போய் வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை பழைய கிரீஸ் வெளியே வரும் வரை புதுசு ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். எண்ணெய் விட்டால் கீழே உள்ள சீல் வழியாக ஒழுகி ஒரே மாதத்தில் காலியாகிவிடும். அப்புறம் உள்ளே ஒன்றுமே இல்லாமல் ஓடும். அதற்குக் கிரீஸ் எவ்வளவோ மேல்.

என் சம்பவம் வேறு. ஊட்டியில் ஒரு பங்களாவில் ஸ்பிட்ஃபயர் விற்பனைக்கு என்று கேள்விப்பட்டுப் போனோம். கூட வந்த மெக்கானிக் அண்ணன் பானெட்டை முன்னால் சாய்த்துவிட்டு, “தம்பி, க்ளட்சை மிதிங்க” என்றார். மிதித்தேன். “விடுங்க. மறுபடி மிதிங்க.” ஸ்டார்ட் செய்யவே சொல்லவில்லை. என்னை இறக்கி, அவர் ஏறி மிதித்து என்னைப் பார்க்கச் சொன்னார். க்ளட்ச் அமுங்க அமுங்க, இன்ஜினின் கிராங்க் தண்டு முனையில் இருக்கும் புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னால் வருகிறது, விட்டால் பின்னால் போகிறது. கிராங்கைப் பிடித்து நிறுத்தும் அரைநிலா வாஷர் கீழே ஆயில் சம்ப்பில் விழுந்துவிட்டது. கிராங்க் பிளாக்கையே அரைக்கத் தொடங்கியிருக்கும். உரிமையாளர், “இன்ஜின் நல்லா சுத்துமே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, சுற்றத்தான் செய்யும். அதுதான் பயம். சிக்னலில் க்ளட்சை மிதித்தபடியே நிற்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்ஜின் ஜாம் ஆன வண்டி, கிராங்க் ஆடுகிற வண்டி, இரண்டையும் தொடாதீர்கள். காயலாங்கடைக்குத்தான்.

மதி, டொரான்டோ

ராஜு அண்ணா, கடைசி வரி மட்டும் தவறு. ஜாம் ஆன இன்ஜின் எல்லாம் செத்த இன்ஜின் இல்லை.

எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், 1972. இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் போடுகிற உப்புக்குப் பயந்து முந்தைய சொந்தக்காரர் உள்ளேயே வைத்துவிட்டார். அதனால் தகடு பிழைத்தது, இன்ஜின் இறுகிவிட்டது. நாலு பிளக்கையும் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஊற்றினேன். வீடு முழுக்க நகப்பூச்சு அழிக்கிற வாசம். அம்மா ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு திட்டினார். அண்ணன் வேறு, “வித்துட்டு நல்ல இன்ஜினா ஒண்ணு பாரு” என்று தினமும்.

கிராங்க் நட்டில் நீளக் கம்பி போட்டு, பலம் கொடுக்காமல், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அசைந்தால் தெரிய வேண்டும் என்று புல்லிக்கும் முன்மூடிக்கும் குறுக்காக சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தேன். ஒரு நாள் இரவு சமையலுக்கு இடையில் போய்ப் பார்த்தால் கோடு உடைந்திருக்கிறது. நூல் அகலம்கூட இருக்காது. கையில் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா என்னவோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார். நான் கோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஆமாண்டி, நகர்ந்திருக்கு” என்றார். அதன்பின் ஜன்னலைப் பற்றிப் பேசவே இல்லை.

ஹெட்டைக் கழற்றினபோது மூன்றாவது சிலிண்டரில் ஒரு துரு வளையம் இருந்தது. சிலிண்டர் சுவரை ஹோன் செய்து (தேய்த்துச் சீராக்கி) ரிங் மாற்றியதில் சரியாகிவிட்டது. கியரில் போட்டுக் கயிறு கட்டி இழுத்து விடுவிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். ரிங் உடையும், சில சமயம் பிஸ்டனும்.

டிங்கர் மாமா

பர்மிங்காமில் இருக்கிறேன். ஒரு எம்ஜிபி-யின் இரண்டு சில்லையும் ஒரே நாளில் வெட்டி எடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். பாடி நடுவில் தொய்ந்து, புதுக் கதவு உள்ளே நுழையவே இல்லை. அந்தப் பையனின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் கவன்ட்ரித் தம்பிக்குச் சொல்கிறேன். வெட்டுவதற்கு முன் கதவு வாய்க்குள் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு பண்ணிவிடு. ஒரு பக்கம் முழுக்க முடித்த பிறகுதான் மறுபக்கம். வண்டியின் எடை சஸ்பென்ஷன் இருக்கும் இடங்களில் தாங்கியிருக்க வேண்டும், நடுவில் முட்டுக் கொடுத்தால் தொய்வு வேறு திசையில் வரும். சில்லை நாலைந்து இடத்தில் மட்டும் ஒட்டவைத்து, கதவை மாட்டி, இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பார். சரியில்லை என்றால் அப்போதே பிரி. தொடர்ந்து கோடு இழுக்காதே, சூட்டில் தகடு நெளியும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி. மூடப்போகிற உள்பக்கத்துக்குத் துத்தநாகப் பிரைமர், முடிந்ததும் உள்ளே மெழுகு பீய்ச்சு.

பெட்ரோல் டாங்கை வெல்டு பண்ணவே பண்ணாதே. காலியாக இருக்கிறதே என்று நினைப்பவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். வெடிப்பது ஆவி, திரவம் இல்லை. பழைய பிரேக் டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஏர் வைத்து ஊதாதே, அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்துக் கட்டி எறி. பிரேக் ஹோஸ் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்று. 1967-க்கு முந்தைய எம்ஜிபி என்றால் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடிக்குப் போகும், சார்ஜர் மாட்டும் முன் பார். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட அடியில் நீட்டாதே. இங்கே 2021-லிருந்து சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் வருகிறது. பழைய ரப்பர் ஹோஸைத் தின்றுவிடும், ஐந்து சதவீத பெட்ரோல் போடு.

அப்புறம் அந்தப் பட்டி போட்ட ஆளை இவ்வளவு திட்டாதே. 1984-ல் எட்டு வருடப் பழைய ஸ்பிட்ஃபயருக்கு மதிப்பே கிடையாது. கவன்ட்ரியிலும் இந்த ஊரிலும் ஃபாக்டரி ஃபாக்டரியாக ஆள் குறைத்த காலம். புது சில் வாங்க அவனிடம் காசு இருந்ததோ என்னவோ.

நல்லூரான், லண்டன்

எத்தனால் பற்றிப் படிக்கும்போது எனக்கு யாழ்ப்பாணம்தான் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. எங்கள் ஒஸ்ரின் ஏ40, ஊரிலிருந்த மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் இருந்து காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோல். வெள்ளைப் புகை, கண் எரியும், ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆள் போய்ச் சேரும். அந்தக் காலத்து இன்ஜின்கள் எதையும் தாங்கும் என்று நான் சொல்ல வரவில்லை. மாமா சொன்னபடி ஹோஸை மாற்றுங்கள். ஆனால் கட்டாயம் வந்தால் என்னென்ன ஓடும் என்பதைக் கண்ணால் கண்டவன் நான்.

என்னுடைய சம்பவம் கென்ட் பக்கம் ஒரு வீட்டில். எம்ஜிபி. சொந்தக்காரர் காலமாகிவிட்டார், மனைவி விற்கிறார். வயதான அம்மா, கராஜ் வாசலில் சால்வையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புது பற்றி (பாட்டரி) கொண்டுபோய் மாட்டிச் சாவியைத் திருப்பினேன். சத்தமில்லை. எஸ்யூ பெற்றோல் பம்பின் பொயின்ற் (மின்தொடு முனை) நெடுநாள் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும், உங்களுக்குத் தெரியும்தானே. கீழே படுத்துச் சுத்தியல் பிடியால் மெல்ல ஒரு தட்டு. ‘டக் டக் டக்’ என்று தொடங்கியது. காபுரேற்றர் நிரம்ப நிரம்ப வேகம் குறைந்து நின்றது.

நான் எழும்பும்போது அவர் சொன்னார், “அவர் இது நிற்கும் வரைக்கும் காத்திருந்துதான் ஸ்ராட் பண்ணுவார். நான் அவசரப்படுத்துவேன்.” சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். என் கையில் சாவி. ஸ்ராட் பண்ணுவதா, வேண்டாமா? பற்றியைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்தேன். விலையைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து அவரே போன் எடுத்து வந்து கொண்டுபோகச் சொன்னார். இப்போது கார் என்னிடம்தான். மனமாரத் தந்தாரா, வேறு வழியில்லாமல் தந்தாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. வேலை முடிந்ததும் முதலில் அவரைத்தான் ஏற்றிக்கொண்டு போவேன்.

கவன்ட்ரிக்காரன்

மாமா, குழாய் ஏற்கெனவே வைத்தாயிற்று, நன்றி. ஆனால் காசு இல்லாதது வேறு, மறைப்பது வேறு. காசு இல்லாதவர் ஒரு தகட்டைக் கோணல்மாணலாக ஒட்டியிருப்பார், அடுத்து வாங்குகிறவர் பார்த்ததும் தெரிந்துகொள்வார். ஸ்பாட் வெல்டு குழியைப் போலியாக அழுத்தியவர் வருடாந்திரச் சோதனை செய்கிற பரிசோதகரின் கண்ணை மட்டும் ஏமாற்றவில்லை. இதில் நான் மாறமாட்டேன்.

வண்டலூர்வாசி

ராஜு, உங்கள் வீட்டு வண்டி ஓடுவதில் சந்தோஷம். ஆனால் கிரீஸ் மேல் மரையோடு நின்றுவிடும், கீழே இறங்காது. ஒடிந்த துண்டு என் மேசைமேல் இருக்கிறது, படம் அனுப்புகிறேன். எண்ணெய் ஒழுகுகிறது என்றால் சீலை மாற்றுங்கள், எண்ணெயை மாற்றாதீர்கள். லோட்டஸ் எலானிலும் இதே டிரையம்ப் பாகம்தான் போட்டிருக்கிறார்கள். இந்த வாரக்கடைசியில் உங்கள் வண்டியின் முன் சக்கரத்தை ஒருதடவை கழற்றி, அந்த மரையைப் பாருங்கள். சண்டைக்காகச் சொல்லவில்லை, அதில் ஆட்களை ஏற்றிப் போகிறீர்கள்.

எனக்கு இடது பக்கத் தண்டும் டிரன்னியனும் வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர், மாற்றிப் போட முடியாது. இங்கே காயலாங்கடைகளில் வலது மட்டுமே கிடைக்கிறது. கவன்ட்ரிக்காரரே, உங்கள் ஊரில் விசாரிக்க முடியுமா?

கவன்ட்ரிக்காரன்

ஸ்பிட்ஃபயர் பாகம் உங்கள் வருட மாடலுக்குச் சேருமா என்று முதலில் பார்க்கிறேன். ஒடிந்ததின் அளவையும், தண்டின் மேல் ஏதாவது எண் இருந்தால் அதையும் அனுப்புங்கள்.

பாப்பநாயக்கன்பாளையம் ராஜு

ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன். படம் போடுகிறேன்.