‘லெவலிங்’ என்பதற்கு ‘மட்டமாக்கல்’ வேண்டாம், ‘முன்னுயர்த்தல்’ இருக்கட்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பிக்கப் வண்டிகளின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தப் போடும் ‘லெவலிங் கிட்’டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று டெக்சஸ் நண்பர் கேட்டிருந்தார். அதைப் போட்ட பிறகு அலைன்மென்ட்டிலும் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்) சஸ்பென்ஷனிலும் (வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) வரும் கோளாறுகளைப் பற்றித்தான் அவர் கட்டுரை எழுதுகிறார். ஆகவே ஒரு சொல் போதாது, நாலைந்து சொற்கள் சேர்ந்தே வர வேண்டும். வந்த யோசனைகளை எடுத்துப்போட்டு, கீழேயே பதில் எழுதுகிறேன்.

> முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வண்டியை மட்டத்துக்குக் கொண்டுவருவதுதானே? ‘மட்டமாக்கல்’ என்றால் எல்லோருக்கும் புரியுமே.

புரியும்தான் ஐயா. ரசமட்டம் பார்த்த யாருக்கும் ‘மட்டம்’ புரியாமல் போகாது. ‘மட்டமான வண்டி’ என்றால் பொருள் கெட்டுவிடும் என்று இன்னொரு நண்பர் சொன்னது சின்ன இடைஞ்சல், அதை விட்டுவிடலாம். என் மறுப்பு வேறு. வண்டி முன்பு கோணலாக இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்று அந்தச் சொல் சொல்லாமல் சொல்கிறது. உண்மை அதற்கு நேர்மாறு.

பாரம் ஏற்றாத ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலெ சில்வராடோ, டொயோட்டா டகோமா, எதுவானாலும் சரி, பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்பக்கம் சற்றுத் தூக்கலாக இருக்கும். சும்மா வைத்ததில்லை அது. பின்தொட்டியில் மூட்டையோ மரமோ ஏற்றினாலும், கொக்கியில் டிரெய்லர் மாட்டினாலும் பின்பக்கம் இறங்கும். இறங்கும்போது வண்டி நேராக நிற்கட்டும் என்றுதான் தொழிற்சாலையிலேயே பின்னால் உயர்த்தி அனுப்புகிறார்கள். மாட்டு வண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் பார்த்து மூட்டை அடுக்குவார் இல்லையா, அந்தக் கணக்கை இங்கே வண்டியைச் செய்தவரே போட்டுவிட்டார். பாரமே ஏற்றாமல் ஊருக்குள் ஓட்டுகிறவர்களின் கண்ணுக்கு அது குனிந்து நிற்பதுபோல் படுகிறது. முன்னால் பெரிய டயர் போட இடமும் வேண்டும். அதனால் முன்பக்கத்தைத் தூக்குகிறார்கள். தூக்கியபின் பாரம் ஏற்றினால், மூக்கு மேலே பார்க்கும்; எதிரே வருகிறவர் கண்ணில் ஹெட்லைட் அடிக்கும்.

எனவே செயலை அப்படியே சொல்கிற சொல் வேண்டும்: முன்னுயர்த்தல். ‘முன்னேற்றம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது, திருப்பி வாங்க முடியாது.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. தானாக இருக்கும் நிலைக்கு ‘-வு’, ஒருவர் செய்யும் செயலுக்கு ‘-த்தல்’ என்று வைத்துக்கொண்டால், தொழிற்சாலை தந்த தூக்கல் பின்னுயர்வு, நாம் செய்வது முன்னுயர்த்தல். அளவு மீறி முன்பக்கம் வானத்தைப் பார்க்கிற நிலை முன்னுயர்வு. இந்தக் கடைசிச் சொல்லுக்கும் வேலை இருக்கிறது. ‘கரோலைனா ஸ்குவாட்’ என்று முன்னால் தூக்கிப் பின்னால் இறக்கி ஓட்டும் பழக்கம் ஒன்று அமெரிக்காவில் பரவியது. ஓட்டுநருக்கு எதிரே உள்ள சாலை மறைகிறது என்பதால் வட கரோலைனா 2021-இல் சட்டம் போட்டது. முன்மட்கார்டு பின்மட்கார்டைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயரக்கூடாது. சட்டத்தைத் தமிழில் சொல்ல வேண்டி வந்தால் ‘மட்டமாக்கல்’ எதற்கு உதவும்?

> சஸ்பென்ஷனுக்கு இணையத்தில் ‘இடைநீக்கம்’ என்று இருக்கிறதே?

தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். இடைநீக்கம் என்பது அரசு ஊழியருக்கு வருவது. இயந்திர மொழிபெயர்ப்பு கார் விமர்சனங்களில் கொண்டுவந்து கொட்டிய சொல் அது, படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘தொங்கல்’ பரவாயில்லை; பழைய குதிரை வண்டிகளில் பெட்டியைத் தோல் வாரில் தொங்கவிட்டிருந்தார்கள். ஆனால் இன்றைய வண்டி தொங்கவில்லை, வில்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நம்மிடம் ‘வில்வண்டி’ என்று ஒரு சொல் இருக்கிறதே! வில் வைத்த மாட்டு வண்டியை ஊரே அப்படித்தான் அழைத்தது. அதிலிருந்து வில்லமைவு என்று வைக்கலாம். ஷாக் அப்சார்பரும், சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் ஆர்மும் வில் இல்லையே என்று கேட்கலாம். அவையெல்லாம் வில்லைச் சுற்றி நடக்கிற வேலைதான்.

உறுப்புகளுக்கு மட்டும் புதுப்பெயர் தேட வேண்டாம் என்பது என் கருத்து. பால் ஜாயின்ட் (ஆர்மின் முனையில் உள்ள உருண்டை மூட்டு), டை ராட் (ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டு), லோயர் ஆர்ம் (கீழ் ஆர்ம்) ஆகியவை பட்டறையில் நன்றாகவே வாழ்கின்றன. பின்னால் இருக்கும் ஸ்பிரிங் பட்டைக்கு ஏற்கனவே ‘பட்டை’ இருக்கிறது, அரிவாள் அடிக்கும் கொல்லர்வரை தெரிந்த சொல். கோணத்துக்கும் செயலுக்கும்தான் தமிழில் பெயர் இல்லாமல் தடுமாறுகிறோம்.

> அலைன்மென்ட் = நேரமைவு?

படிக்கிறவர் ‘நேர அமைவு’ என்று பிரித்துக் கடிகாரத்துக்குப் போய்விடுவார். ‘சீரமைப்பு’ என்றால் சாலைப் பணி. டயர் கடைகளில் ‘வீல் அலைன்மென்ட்’ செய்கிறவர் உண்மையில் என்ன செய்கிறார்? சக்கரத்தின் மூன்று கோணங்களை அளந்து, தள்ளியிருப்பதைத் திருத்துகிறார். ஆகவே கோணத்திருத்தம். ‘முன்னுயர்த்திய வண்டிக்குக் கோணத்திருத்தம் கட்டாயம்’ என்று எழுதிப் பாருங்கள், வாய்க்கும் வருகிறது.

அந்த மூன்று கோணங்கள்தான் கட்டுரையின் உயிர் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

முன்ஸ்ட்ரட் என்பது சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண். அதன் தலைக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு தட்டு வைக்கிறார்கள். ஸ்ட்ரட்டின் அடி, லோயர் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால், ஏறக்குறைய 1 அங்குலத் தட்டு வைத்தாலே சக்கரத்தருகே 2 அங்குலம் உயர்ந்துவிடும். அப்போது மேலே அப்பர், கீழே லோயர் என்ற இரண்டு ஆர்ம்களும் கீழ்நோக்கிச் சரிகின்றன. டை ராடும் சரிகிறது. சரிந்ததும், சக்கரங்களின் முன்முனைகள் ஒன்றையொன்று நெருங்கும் அல்லது விலகும். இது ‘டோ’. நெருங்கினால் முனைக்குவிவு, விலகினால் முனைவிரிவு. மூன்றில் டயரை வேகமாகத் தின்பது இதுதான். கையால் டயரைத் தடவினால், ஒரு பக்கம் வழுக்கும், திரும்பி வரும்போது ரம்பப் பல்போல் உறுத்தும். பழகிய கை இயந்திரத்துக்கு முன்பே கோளாறைச் சொல்லிவிடும்.

முன்னால் நின்று பார்க்கையில் சக்கரத்தின் தலை உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருப்பது ‘கேம்பர்’. பக்கச்சாய்வு எனலாம். இது கெட்டால் டயரின் ஓர் ஓரம் மட்டும் தேயும்.

மூன்றாவது ‘கேஸ்டர்’. மேல் பால் ஜாயின்ட்டையும் கீழ் பால் ஜாயின்ட்டையும் சேர்த்து ஒரு கோடு கிழித்தால், அதன் தலை வண்டியின் பின்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். அதனால்தான் திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருகிறது. முன்னுயர்த்தலில் பல வண்டிகளில் இந்தச் சாய்வு குறைந்து, நெடுஞ்சாலையில் வண்டி அலையத் தொடங்கும். நாலு சக்கர இயக்கம் உள்ள ராம் 2500, ஃபோர்டு எஃப்-250 போன்று, முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்திருக்கும் வண்டிகளில் அச்சே லேசாகச் சுழன்று கேஸ்டரைக் குறைத்துவிடும். கேஸ்டருக்குப் பின்சாய்வு என்கிறேன். ‘பின்னால் சாய்கிறது’ என்று சொன்னவுடன் எந்தத் திசை என்ற குழப்பமே இல்லை. டயரில் தேய்மானம் காட்டாது என்பதால் பலர் இதை விட்டுவிட்டு முனைக்குவிவை மட்டும் திருத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். கட்டுரையில் இதை அழுத்திச் சொல்லுங்கள். பல வண்டிகளில் லோயர் ஆர்மின் கேம் போல்ட்டை (திருகினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்) திருகித்தான் பின்சாய்வையும் பக்கச்சாய்வையும் திருத்துவார்கள். அந்த போல்ட்டுக்கு ஓர் எல்லை உண்டு, எல்லை முடிந்தும் கோணம் சேராவிட்டால் வேறு அப்பர் ஆர்ம்தான் வழி. பனிக்கு உப்புத் தூவும் மாநிலங்களில் போல்ட்டே துருப்பிடித்து உட்கார்ந்துவிடும்.

> தட்டு எல்லாம் ஒன்றுதானே, ‘இடைத்தட்டு’ போதும்.

இல்லை, இரண்டு வகை. ஸ்ட்ரட்டின் தலைக்கு மேலே வைப்பது ஒன்று. ஸ்ட்ரட்டைக் கழற்றி, சுருளுக்கு மேலே உள்ளே வைத்து, சுருளை இன்னும் இறுக்குவது மற்றொன்று. முதல் வகையில் ஸ்ட்ரட்டின் நீட்டம் மாறாது. ஆனால் குழியில் சக்கரம் முழுதும் தொங்கும்போது ஆர்ம், வடிவமைத்தவர் நினைத்ததைவிடக் கீழே போகிறது. பால் ஜாயின்ட் தன் எல்லையில் முட்டுகிறது, மேல் ஆர்ம் சுருளில் உரசவும் கூடும். இரண்டாவது வகையில் சக்கரம் கீழே இறங்கும் இடமே சுருங்கிவிடும், வேகத்தடை தாண்டி இறங்கும்போது ‘டக்’ என்ற ஓசை கேட்கும், வண்டியும் முரடாக ஓடும். நாலு சக்கர இயக்கம் உள்ள வண்டியென்றால், இரண்டிலுமே முன்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சிவி ஆக்ஸிலின் கோணம் கூடி, அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். ஆகவே தலைத்தட்டு, இறுக்குத்தட்டு என்று பிரித்தே வைப்போம். வாங்குகிறவருக்கு எது எது என்று தெரிய வேண்டும்.

பாக்கி இருப்பது ‘பம்ப் ஸ்டீர்’. சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது, ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தொடாமலே முனை திரும்பிவிடுவது. டை ராடும் ஆர்மும் வெவ்வேறு வட்டத்தில் ஆடுவதால் வருவது. ‘குலுக்குத்திருப்பம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், குலுக்கல் பரிசு நினைவுக்கு வருகிறது. ‘மேட்டுத்திருப்பம்’ என்றால் மலைப்பாதை. ‘தன்திருப்பம்’ எனக்குப் பாதி பிடித்திருக்கிறது. ஆனால் பின்சாய்வால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதோடு குழம்பும். லாரி ஓட்டுநர்கள் யாராவது இதற்கு ஒரு சொல் வைத்திருப்பார்கள், உங்கள் பக்கத்தில் கேட்டு எழுதுங்கள். மற்ற சொற்களுக்கு மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், நண்பர் கட்டுரையை ஏற்ற வேண்டும்.

அன்புடன்.