கலைச்சொல் வேண்டும்: ‘பேக்ரவுண்ட் செக்’ எண்ணிக்கையை விற்பனை என்று எழுதலாமா?

மடல் 1 (சென்னையிலிருந்து)

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல் வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டு.

அமெரிக்கத் துப்பாக்கி விவகாரம் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே உரிமம் பெற்ற கடையில் ஒருவர் துப்பாக்கி வாங்கப் போனால், கடைக்காரர் அவருடைய விவரங்களை எஃப்.பி.ஐ. நடத்தும் ‘நிக்ஸ்’ என்ற அமைப்புக்குத் தெரிவித்து, இவருக்கு விற்கலாமா என்று கேட்க வேண்டும். பழைய தண்டனை, குடும்ப வன்முறை வழக்கு போன்ற தடை ஏதாவது இருக்கிறதா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். இதைத்தான் பேக்ரவுண்ட் செக் என்கிறார்கள். 1998 நவம்பர் கடைசியிலிருந்து நடக்கிறது. எத்தனை நடந்தன என்று மாதவாரியாகக் கணக்கும் வெளியாகிறது.

கொரோனா பயம் தொடங்கிய 2020 மார்ச்சில் அந்தக் கணக்கு 37 லட்சத்தைத் தாண்டியது. ‘37 லட்சம் பின்னணிச் சோதனைகள்’ என்று எழுதினேன். வரைவைப் பார்த்த மூத்தவர் ஒருவர் தலைப்பில் ‘ஒரே மாதத்தில் 37 லட்சம் துப்பாக்கிகள் விற்பனை’ என்று மாற்றிவிட்டார். “படிக்கிறவனுக்குப் புரிய வேண்டாமா?” என்கிறார். அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியவில்லை. ‘பின்னணிச் சோதனை’ என்றால் எனக்கே ஏதோ ஒலிப்பதிவுக் கூடத்து வேலை போலத்தான் கேட்கிறது.

ஆக, முதல் சொல் அதற்கு. இரண்டாவது, ஒன்றை நேராக எண்ண வழியில்லாதபோது அதற்குப் பதிலாக வேறொன்றை எண்ணுகிறோமே, ப்ராக்ஸி என்பது, அதற்கு.

மடல் 2 (திருநெல்வேலியிலிருந்து)

அம்மா, வணக்கம்.

‘சோதனை’யை முதலில் கைவிடுங்கள். விமான நிலையத்தில் ஆளைத் தடவிப் பார்ப்பதும் சோதனை, ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பதும் சோதனை, கடவுள் கொடுப்பதும் சோதனை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்த எவருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் தெரியும். அதைச் ‘சரிபார்ப்பு’ என்றே எழுதுகிறோம். ‘பின்னணிச் சரிபார்ப்பு’ போதும் என்பது என் முதல் கருத்து.

இரண்டாவது சொல்தான் எனக்குப் பிடித்த இடம். முப்பது வருடம் புள்ளியியல் நடத்தியவன். ப்ராக்ஸிக்கு ‘ஈடளவு’ என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. ஈடு என்றால் சமம் என்ற பொருள் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் மூத்தவர் செய்த பிழையை அந்தச் சொல்லே செய்துவிடும். நான் வகுப்பில் ‘நிழலளவு’ என்பேன். மரத்தில் ஏறாமல் அதன் நிழலை அளந்து உயரம் சொல்லலாம். ஆனால் எந்த நேரத்து நிழல் என்று தெரிய வேண்டும். உச்சி வெயிலில் காலடியில் சுருளும், சாயங்காலம் தெருக்கோடி வரை நீளும்.

இந்த நிழல் எப்போது நீள்கிறது, எப்போது சுருங்குகிறது என்று அங்கே இருக்கிறவர்கள் யாராவது சொன்னால் சொல்லை முடிவு செய்வது எளிது.

மடல் 3 (டல்லாஸிலிருந்து)

ஐயா, அக்கா, வணக்கம். டெக்சாஸில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். என்னிடம் துப்பாக்கி கிடையாது, ஆனால் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் பாதி அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிழல் சுருங்கும் இடங்களை முதலில் சொல்கிறேன். ஒரே ஆள் ஒரே தடவையில் மூன்று துப்பாக்கி வாங்கினாலும் சரிபார்ப்பு ஒன்றுதான். அப்புறம், டெக்சாஸில் துப்பாக்கி ஏந்தும் உரிமம் வைத்திருப்பவர் கடைக்குப் போனால் 4473 என்ற படிவத்தை நிரப்பி, உரிமத்தைக் காட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். கடைக்காரர் நிக்ஸைக் கேட்க வேண்டியதில்லை. உரிமம் தரும்போதே ஆளைப் பார்த்தாயிற்று என்று கணக்கு. விற்பனை நடந்தது, எண்ணிக்கையில் வராது. கடைக்கு வெளியே, ஒரே மாநிலத்துக்காரர்கள் இருவர் தங்களுக்குள் விற்று வாங்கினால் மத்தியச் சட்டப்படி சரிபார்ப்பே தேவையில்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் அதற்கும் சரிபார்ப்பு வேண்டும் என்கின்றன, டெக்சாஸ் சொல்வதில்லை.

இனி நீளும் இடங்கள். உரிமம் கேட்டு விண்ணப்பித்தாலும் சரிபார்ப்பு நடக்கும். அங்கே துப்பாக்கியே கிடையாது, காகிதம்தான். நம் ஊருக்கு நன்றாகப் புரிகிற ஒன்றும் உண்டு, அடகு. இங்கே அடகுக் கடையில் நகை மாதிரி துப்பாக்கியையும் வைக்கலாம். பணத்தைக் கட்டி மீட்கப் போகும்போது, தன் சொந்தத் துப்பாக்கியை வாங்கிக்கொள்ளவே ஒருவருக்குச் சரிபார்ப்பு நடக்கும். எஃப்.பி.ஐ. அட்டவணையில் அடகு மீட்புக்கென்று தனிப் பத்திகளே இருக்கின்றன. துப்பாக்கி போன இடத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது, எண்ணிக்கையில் ஒன்று கூடிவிட்டது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது கென்டக்கி. மக்கள் தொகை சுமார் 45 லட்சம். ஆனால் சரிபார்ப்புக் கணக்கில் டெக்சாஸையும் கலிஃபோர்னியாவையும் முந்திக்கொண்டு நிற்கும். கென்டக்கிக்காரர்கள் கட்டிலுக்கடியில் ஆயுதக் கிடங்கு வைத்திருக்கிறார்களோ என்று முதலில் நானும் நினைத்தேன். விஷயம் வேறு. மறைத்து ஏந்தும் உரிமம் வைத்திருக்கிற எல்லோரையும், இன்னும் தகுதியோடு இருக்கிறார்களா என்று அந்த மாநிலம் மாதாமாதம் மறுபடி சரிபார்க்கிறது. ஒருவர் புதிதாக ஒரு தோட்டாகூட வாங்காமல் சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை எண்ணிக்கையில் வருவார்.

இல்லினாயும் இப்படி மறுசரிபார்ப்பில் இறங்கியது. 2021 மார்ச்சில் நாடு முழுக்க 47 லட்சம் சரிபார்ப்பு. முந்தின வருட மார்ச்சின் 37 லட்சத்தைவிடப் பத்து லட்சம் கூடுதல். ‘துப்பாக்கி விற்பனை புதிய உச்சம்’ என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பத்து லட்சத்துக்கு மேல் இல்லினாய் ஒன்றிலிருந்து மட்டும் வந்தது. உரிமம் சார்ந்தவற்றைக் கழித்துப் பார்த்தால் அந்த மார்ச் முந்தின மார்ச்சைவிடக் குறைவு.

இன்னொன்று. தடை இருப்பதாகச் சொல்லி மறுக்கப்பட்டவையும் மொத்தத்தில் சேர்த்திதான். மறுப்பு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான், அதனால் கணக்கு பெரிதாக மாறாது. மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் தன் பொறுப்பில் விற்கலாம் என்றும் ஒரு விதி உண்டு. 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் துப்பாக்கி வாங்கியது அப்படித்தான். அது தனிக் கதை.

மடல் 4 (திருநெல்வேலியிலிருந்து)

தம்பி, அருமை. உங்கள் மடலைப் படித்ததும் என் முதல் கருத்தை நானே திரும்பப் பெறுகிறேன்.

நீங்கள் சொன்ன எல்லா இடத்திலும் பொதுவாக நடப்பது ஒன்றே ஒன்று: யாரோ ஒருவர் அந்த அமைப்பைப் பார்த்து ‘இந்த ஆள் தகுதி உள்ளவரா?’ என்று கேட்கிறார். கடைக்காரர் கேட்கிறார், அடகுக்காரர் கேட்கிறார், கென்டக்கி அரசு மாதாமாதம் கேட்கிறது. எண்ணப்படுவது கேள்விதான். பதில் என்ன வந்தது என்பதோ, துப்பாக்கி கைமாறியதா என்பதோ எண்ணிக்கையில் இல்லை. ‘சரிபார்ப்பு’ என்றால் வேலை முடிந்தது போல ஒலிக்கிறது. ஆகவே ‘தகுதி வினவல்’ என்கிறேன். மறுபடி மறுபடி கேட்பது ‘மறுவினவல்’.

‘37 லட்சம் தகுதி வினவல்கள்’ என்று எழுதிப் பாருங்கள் அம்மா. அதை விற்பனை என்று மாற்ற எந்த மூத்தவருக்கும் கை கூசும்.

மடல் 5 (கோவையிலிருந்து)

வணக்கம். மென்பொருள் ஆள் என்பதால் ஓர் ஆட்சேபம், ஓர் ஆதரவு.

‘வினவல்’ எங்கள் துறையில் ஏற்கெனவே குவெரிக்குப் புழங்குகிறது. ஆட்சேபம் சொல்லலாம் என்றுதான் தட்டச்சத் தொடங்கினேன். யோசித்தால் இங்கே நடப்பதும் அதேதான். ஒரு பெயரைக் கொடுத்து மூன்று தரவுத்தளங்களில் தேடுகிறார்கள். ஆகவே அது ஆதரவாக மாறிவிட்டது.

ஆட்சேபம் ‘நிழலளவு’ மேல். ஐயா மன்னிக்க வேண்டும். வகுப்பறையில் அழகான சொல்தான். ஆனால் செய்தித்தாள் தமிழில் நிழல் உலகம் என்றால் தாதாக்கள், நிழல் பொருளாதாரம் என்றால் கறுப்புப் பணம். துப்பாக்கிக் கட்டுரையில் ‘துப்பாக்கி விற்பனையின் நிழலளவு’ என்று வந்தால் கள்ளச் சந்தையில் விற்றதன் கணக்கு என்றே படிப்பார்கள். ‘பதிலளவு’ என்று வைத்தால் என்ன?

மடல் 6 (சென்னையிலிருந்து)

தம்பி சொல்வது சரிதான். ஆனால் ‘பதிலளவு’ இதே கட்டுரையில் ‘வினவலு’க்குப் பக்கத்தில் வந்தால் கேள்விக்குக் கிடைத்த பதில்களின் அளவு என்று ஆகிவிடாதா? ‘பதிலி அளவு’ என்று இகரம் சேர்த்துக்கொள்கிறேன். ஓர் ஆளுக்குப் பதிலாக நிற்பவர் பதிலி. நிற்பாரே தவிர அவரே ஆகிவிட மாட்டார்.

டல்லாஸ் தம்பிக்கு ஒரு கேள்வி. இத்தனை ஓட்டை இருக்கிற பதிலியை ஏன் எல்லோரும் பிடித்துத் தொங்குகிறார்கள்? விற்பனையையே எண்ணித் தொலைத்தால் என்ன?

மடல் 7 (டல்லாஸிலிருந்து)

அக்கா, எண்ண விடமாட்டார்கள்! யார் எந்தத் துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று மத்திய அரசு பதிவேடு தொடங்கக் கூடாது என்று 1986 சட்டமே தடுக்கிறது. விற்கலாம் என்று பதில் தந்த வினவலில் வாங்குபவரின் அடையாள விவரங்களை 24 மணி நேரத்துக்குள் எஃப்.பி.ஐ. அழித்துவிட வேண்டும். 4473 படிவம் கடையிலேயே இருக்கும். தொழிற்சாலைகள் வருடத்துக்கு எத்தனை செய்தன என்ற கணக்கு உண்டு, ஆனால் அது தாமதமாக வரும், செய்ததெல்லாம் விற்றதும் ஆகாது. மாதாமாதம் கைக்குக் கிடைப்பது வினவல் எண்ணிக்கை ஒன்றுதான்.

அதனால் ஆளாளுக்கு அதைத் திருத்திப் பார்க்கிறார்கள். உங்கள் 2020 மார்ச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 37 லட்சம். துப்பாக்கித் தொழில்காரர்களின் சங்கமான என்.எஸ்.எஸ்.எஃப். உரிம வினவல்களையும் மறுவினவல்களையும் கழித்து 24 லட்சம் என்றது. ஸ்மால் ஆர்ம்ஸ் அனலிட்டிக்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் துப்பாக்கிகளின் எண்ணிக்கையையே மதிப்பிட்டுக் கிட்டத்தட்ட 26 லட்சம் என்றது. நியூயார்க் டைம்ஸ் சுமார் 20 லட்சம் என்று எழுதியது. எந்தெந்த வினவலைக் கழிக்க வேண்டும், ஒரு வினவலுக்கு எத்தனை துப்பாக்கி என்று பெருக்க வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். கைத்துப்பாக்கி என்று குறித்த வினவலுக்கு 1.1, ‘பல’ என்று குறித்ததற்கு 2 என்று பெருக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. ‘பல’ என்று குறித்தவர் இரண்டு வாங்கினாரா ஏழு வாங்கினாரா என்பது கடைக்காரருக்கே வெளிச்சம்.

இதையெல்லாம் எஃப்.பி.ஐ. மறைக்கவில்லை. தொடங்கப்பட்ட சரிபார்ப்புகளின் எண்ணிக்கைதான் இது, விற்ற துப்பாக்கிகளின் எண்ணிக்கை அல்ல என்று அட்டவணையிலேயே எழுதி வைத்திருக்கிறது. தலைப்பு எழுதுகிறவர்கள்தான் அதைப் படிப்பதில்லை. உங்கள் மூத்தவரைச் சொல்லவில்லை.

மடல் 8 (திருநெல்வேலியிலிருந்து)

சரி, நிழலை விட்டுக்கொடுக்கிறேன். வகுப்பில் மட்டும் வைத்துக்கொள்கிறேன். ‘பதிலி அளவு’ இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள். பதிலி என்றதும் பயனற்றது என்று எழுதிவிடாதீர்கள். கனெக்டிகட் பள்ளிக் கொலைகள் நடந்த 2012 டிசம்பரில் இந்த எண் எகிறியதும், 2017இல் நன்றி நவிலல் நாளுக்கு மறுநாளான தள்ளுபடி வெள்ளியன்று ஒரே நாளில் இரண்டு லட்சத்தைத் தாண்டியதும் வெறும் காகிதத்தால் வந்ததல்ல. மறுவினவலைக் கழித்துவிட்டு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் கேட்டால் ஒழுங்காகவே பதில் சொல்லும். எத்தனை என்று கேட்டால்தான் உளறும்.

மடல் 9 (சென்னையிலிருந்து)

ஐயாவுக்கும் தம்பிகளுக்கும் நன்றி. கட்டுரையில் இப்படி வைத்திருக்கிறேன்:

‘2020 மார்ச்சில் 37 லட்சம் தகுதி வினவல்கள் பதிவாயின. இது துப்பாக்கி விற்பனைக்கு ஒரு பதிலி அளவு மட்டுமே. உரிமத்துக்கான வினவல்களையும் மறுவினவல்களையும் கழித்தால் 24 லட்சம் மிஞ்சும்.’

மூத்தவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். “சரிம்மா, கடைசியில எத்தனை துப்பாக்கிதான் வித்துச்சு?” என்றார். யாருக்கும் தெரியாது, பதிவேடு வைக்கவே அந்த நாட்டுச் சட்டம் விடாது என்றேன். இப்போது அதைத்தான் தலைப்பாக வைக்கச் சொல்கிறார்.