மதுரை ஏர்போர்ட்டிலிருந்து தூத்துக்குடி ஏர்போர்ட்: எவ்வளவு நேரம் வைக்கலாம்?

வணக்கம் மக்களே, இந்த ரோட்டில் அடிக்கடி ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் அக்கா கொழும்பிலிருந்து மதுரைக்கு வருகிறாள். போகிற வழியில் எட்டயபுரத்தில் ஒரு வளைகாப்பு, சாயங்காலமே வாகைகுளத்தில், அதாவது தூத்துக்குடி ஏர்போர்ட்டில், சென்னை பிளைட். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நேரடி விமானம் கிடையாது, சென்னை சுற்றித்தான் போகணும். அதனால் என் கார்தான்.

மண்டேலா நகரில் ஏறினால் வலையங்குளம், அருப்புக்கோட்டை, எட்டயபுரம் என்று நேர் நான்குவழிச்சாலை. எலியார்பத்தியிலும் புதூர்பாண்டியாபுரத்திலும் டோல். மொத்தம் 140 கிலோமீட்டர் பக்கம் வரும், நிற்காமல் போனால் இரண்டரை மணி நேரம் என்று என் கணக்கு. மேப் இன்னும் குறைவாகக் காட்டுகிறது. அதற்குப் பசிக்காது, டீ வேண்டாம்.

குழப்பம் கடைசிப் பகுதியில்தான். ஏர்போர்ட் தூத்துக்குடி ஊருக்குள் இல்லை, திருநெல்வேலி ரோட்டில் இருக்கிறது. பைபாஸ் வரை போய்த் திரும்புவதா, இல்லை குறுக்குச்சாலை என்ற ஊரிலேயே திரும்பி ஓட்டப்பிடாரம், புதியம்புத்தூர் வழியாகப் போய்விடலாமா? அந்த ரோடு இப்போது எப்படி இருக்கிறது? மழைக்காலம் வேறு, அம்மாவும் கூட வருகிறார், குலுங்கினால் இடுப்பு தாங்காது.

கவுன்ட்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். பிளைட் 6 மணிக்கு என்றால் எட்டயபுரத்தை விட்டு மூன்றரைக்குக் கிளம்பினால் போதுமா? விசேஷ வீட்டில் பந்தியிலிருந்து அக்காவை எழுப்புவது எப்படி என்று தெரிந்தவர்கள் அதையும் சொல்லலாம்.