சைட்டேஷன் கணக்கு (நம்ம பேப்பர மத்தவங்க எத்தனை தடவ மேற்கோள் காட்டுனாங்கன்னு) பாக்கப் போய் மாட்டுன அனுபவம் இருந்தா சொல்லுங்க

அரைகுறை ஆய்வாளர்:
மூணு வருசம் ஆச்சு, இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு. வேலைக்கு இன்டர்வியூ, பயோடேட்டால எச்-இன்டெக்ஸ் 17னு போட்டிருந்தேன், அதாவது குறைஞ்சது 17 தடவ மேற்கோள் காட்டுன பேப்பர் 17 இருக்குன்னு அர்த்தம். கூகுளோட ஆய்வுக்கட்டுரை தேடற பக்கம் ஸ்காலர், அதுல அப்படித்தான் இருந்துச்சு. பேனல்ல ஒருத்தர் ஒண்ணும் பேசாம லேப்டாப்ப என் பக்கம் திருப்புனார். ஸ்கோபஸ், அதுவும் சைட்டேஷன் எண்ற டேட்டாபேஸ்தான். அதுல 11. "மீதி ஆறு எங்கப்பா?"ன்னார், ஏதோ நான் எடுத்து ஒளிச்சு வெச்ச மாதிரி. ஸ்காலர் தீசிஸ், ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடியே நெட்ல போடற ப்ரீபிரிண்ட்னு நெட்ல கிடைக்கறத எல்லாம் எண்ணும், ஸ்கோபஸ் தான் பொறுக்கி எடுத்தத மட்டும் எண்ணும், ரெண்டும் ஒத்துப்போகாதுன்னு எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா வாய்ல வந்தது "அது இன்னும் அப்டேட் ஆகல சார்". வேலை போனது கூட பரவால்ல, அந்தப் பொய்தான் உறுத்துது.

நாலாவது ஆத்தர்:
உங்களுக்காச்சும் எல்லாம் உங்க பேப்பர். நான் கான்கிரீட் ஆளு, என் ஸ்காலர் ப்ரொஃபைல்ல ஆட்டுக் குடல் புழு பத்தி ஏழு பேப்பர்! அதே பேர்ல ஒரு கால்நடை டாக்டர் இருக்கார், புதுசு வந்தா தானா சேத்துக்கோன்னு செட்டிங்க விட்டிருந்தேன். எச் 14 காட்டுது, அழிச்சா 9. ஏழையும் டிக் பண்ணிட்டு டெலீட் மேல மவுஸ வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு சொன்னா வெக்கக்கேடு. அப்ரைசல் முடியட்டும்னு மூடிட்டேன். நாலு மாசம் கழிச்சுதான் அழிச்சேன்.

ரிவ்யூவர் நம்பர் ரெண்டு:
நாலு மாசமா? அதுக்குப் பேரு மறதி இல்ல தோழர். என் கதை சின்னது, ஸ்கோபஸ்ல என் பேர்ல மூணு ஐடி, எழுதிப் போட்டு ஒண்ணாக்குனேன், முடிஞ்சுது. ஆனா எல்லாரும் இத செய்ங்க: முதல்ல ஆர்க்கிட் ஐடி எடுங்க, ஆய்வாளர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா குடுக்கற நம்பர், 16 இலக்கம், 2012லேருந்து இருக்கு, காசு கிடையாது, பேப்பர் அனுப்பும்போதே அதப் போட்டா பேர்க்குழப்பம் பாதி போயிடும். ஸ்காலர்ல தானா சேக்காத, மெயில் அனுப்பு நான் பாத்துக்கறேன்னு மாத்துங்க. நம்பர் எழுதுனா எந்த டேட்டாபேஸ், எந்தத் தேதின்னு பக்கத்துலயே எழுதுங்க, மேல இன்டர்வியூ போனவருக்கும் இதத்தான் சொல்றேன். துறை விட்டு துறை ஒப்பிடாதீங்க, கணிதத் துறைக்காரங்க 9ம் பயோமெடிக்கல் 9ம் ஒண்ணா? ஹிர்ஷ் 2005ல இந்த இன்டெக்ஸ கொண்டாந்தப்பவே, ஒரே நம்பர் ஒரு ஆள குத்துமதிப்பாத்தான் காட்டும்னு அந்தப் பேப்பர்லயே எழுதி வெச்சார், யார் படிச்சா?

மேப் போட்டவ:
அட்வைஸ் யாரும் கேக்கலையே.

எங்க புரொஃபசர் ரிட்டயர்மென்ட்டுக்கு அவரோட கோ-ஆத்தர் மேப்ப, யார் யார் கூட சேந்து பேப்பர் எழுதுனார்னு காட்டற படத்த, பிரிண்ட் போட்டுக் குடுக்கலாம்னு வாஸ்வியூவர்ங்கற சாஃப்ட்வேர்ல ஓட்டுனேன். கலர் கலரா வட்டம், கோடு, பாக்க அழகாத்தான் இருந்துச்சு. அவர் கண்ணாடிய மாட்டிக்கிட்டு விரல வெச்சு ஒவ்வொரு வட்டமா தேடுறார். "நம்ம மைக்ரோஸ்கோப் அம்மா எங்கம்மா?" இருபது வருசம் அவர் சாம்பிள் எல்லாம் பாத்தவங்க. அந்த சாஃப்ட்வேர் சும்மா விட்டா அஞ்சு பேப்பருக்குக் கீழ இருக்கற ஆள எடுக்காது, நான் மாத்தல. "மூணு பேப்பர்லதான் சார் அவங்க பேர் இருக்கு"ன்னேன். "மத்ததுல?"ன்னு கேட்டுட்டு அவரே நிறுத்திட்டார். அந்த விரல் மட்டும் பேப்பர் மேல அப்படியே நின்னுச்சு. ராத்திரி உக்காந்து மூணுன்னு மாத்தி ஓட்டுனேன், ஓரத்துல ஒரு பொட்டு மாதிரி வந்தாங்க. அந்த மேப்ல பெரிய வட்டமா இருந்த ரெண்டு பேர்கிட்ட அவர் பேசியே பத்து வருசம் இருக்கும்.

ரிவ்யூவர் நம்பர் ரெண்டு:
சரி சரி. ஆனா எல்லார் பேரையும் போட்டாலும் தலைவலிதான். 2015ல ஹிக்ஸ்ங்கற அணுவிட சின்னத் துகளோட நிறை எவ்வளவுன்னு அளந்த பேப்பர்ல 5,154 ஆத்தர், 33 பக்கத்துல 24 பக்கம் பேரும் அவங்க நிறுவனமும்தான். அத உங்க மேப்ல போட்டா எல்லாருக்கும் எல்லாரும் நண்பர். ஒரு பேப்பர ஆள்கணக்குல பங்கு போட்டு எண்ணணும், வாஸ்வியூவர்லயே அதுக்கு ஆப்ஷன் இருக்கு.

மேப் போட்டவ:
பங்கு போட்டாலும் பேரே இல்லாதவங்களுக்கு எதுல பங்கு?

நாலாவது ஆத்தர்:
இத எழுதிட்டு மனசு கேக்காம புழு டாக்டருக்கு மெயில் போட்டு மன்னிப்பு கேட்டேன். பதில் வந்துடுச்சு. என்னோட கான்கிரீட் பேப்பர் ரெண்டு இன்னும் அவர் ப்ரொஃபைல்ல இருக்காம், அவருக்கு அடுத்த மாசம் பிரமோஷன் இன்டர்வியூவாம், அதுவரைக்கும் இருக்கட்டுமான்னு கேக்கறார்.