கலைச்சொல் இழை: சாப் சாவுக்கு ‘உலோக ரம்பம்’ என்ற சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இரும்பு பைப், ஆங்கிள் அறுக்கும் மெஷின்களில் தேய்க்கும் வட்டு போட்ட சாப் சாவுக்கு (chop saw) ‘உலோக ரம்பம்’, பல் வட்டு போட்ட கோல்டு கட் சாவுக்குக் (cold cut saw) ‘குளிர் ரம்பம்’ என்று தமிழ்ச் சொற்களை இழையைத் தொடங்கிய நண்பர் முன்வைத்திருந்தார். கூடவே, விலை குறைந்த மெஷினை நம்பி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தார். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பெயர் சரியாக அமைந்தால் எதை வாங்குவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

என் மைத்துனர் கேட், கிரில் பட்டறை நடத்துகிறார். பெயர் கேள்விப்படாத கம்பெனியின் 14 அங்குல சாப் சா ஒன்றை மலிவாக வாங்கினார். முதல் வட்டு தேய்ந்ததும் கடைக்குப் போய், “இரும்பு அறுக்கிற பிளேடு, 14 இஞ்ச்” என்று கேட்டார். கடைக்காரர் கொடுத்தது கோல்டு கட் சாவில் போடும், கார்பைடு பல் வைத்த வட்டு. இரண்டு வகைக்கும் நடுத்துளை 25.4 மி.மீ. என்பதால் அது அச்சில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. நட்டை முடுக்கும்போதுதான் வட்டின் மேல் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்தார்: நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு மேல் கூடாது. மெஷின் ஓடுவதோ 3,800 சுற்றில். சுவிட்சைத் தட்டியிருந்தால் பற்கள் தெறித்து எங்கே பாய்ந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கடைக்காரர் மேல் தப்பில்லை, கேட்ட சொல் இரண்டுக்கும் பொருந்தியது.

அதனால்தான் ‘உலோக ரம்பம்’ எனக்கு ஒப்பவில்லை. ரம்பம் என்றாலே பல் வேண்டும். சாப் சாவில் போடும் வட்டில் பல் ஏது? பிசினில் இறுக்கிய தேய்ப்புப் பொடி அது. 355 மி.மீ. வட்டு 3,800 சுற்றில் சுழன்றால் விளிம்பின் வேகம் நொடிக்குச் சுமார் 70 மீட்டர். அந்த வேகத்தில் இரும்பைத் தேய்த்துத் தேய்த்தே பிளக்கிறது, தானும் தேய்கிறது. பல் வட்டு மெஷின் ஏறக்குறைய 1,300 சுற்றில்தான் ஓடும், அதாவது நொடிக்கு 24 மீட்டர். ஒவ்வொரு பல்லும் ஒரு சீவலை எடுத்து வெளியே தள்ளுகிறது. சூடும் அந்தச் சீவலோடு போய்விடுவதால் அறுபட்ட முனை ஆறியே இருக்கும். ‘கோல்டு’ என்ற பெயருக்கு இதுதான் காரணம். ‘குளிர் ரம்பம்’ என்றால் ஐஸ் கட்டி அறுக்கும் கருவி என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

‘வெட்டு ரம்பம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஒரே போடாகப் போடுவது வெட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போவது அறுப்பு. மெஷினின் கை மேலிருந்து இறங்குவதைப் பார்த்து ஆங்கிலத்தில் ‘சாப்’ என்றார்கள். நமக்கு அந்தக் கை எதற்கு? அறுப்பது எது என்று சொன்னால் போதும்.

என் முன்மொழிவு: தேய்வட்டு, பல்வட்டு. மெஷினுக்குத் தேய்வட்டு அறுப்பி, பல்வட்டு அறுப்பி. ‘அறுப்பான்’ வாக்கியத்துக்குள் வந்தால் வினைமுற்றோடு குழம்பும், ‘அறுவி’ பேச்சில் அருவியாகிவிடும். சங்கப் பாடல்களில் சங்கு வளையை அறுக்கும் கருவிக்கு அரம் என்றே பெயர், ‘அரம் போழ்’ வளை என்பார்கள். அதை எடுத்தாளலாமா என்றும் யோசித்தேன். ஆனால் இன்று பட்டறையில் அரம் என்றால் ராவுகிற அரம்தான், அதைக் கலைக்க வேண்டாம்.

சரி, வாங்கலாமா? கேட், ஷெட், ஆங்கிள் என்று தினமும் அறுத்து, வெல்டிங் வைத்து, மேலே கிரைண்டர் ஓட்டுகிற வேலை என்றால் மலிவான தேய்வட்டு அறுப்பியே போதும், தாராளமாக வாங்கலாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல வட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்குங்கள். நல்ல வட்டின் நடுவளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும், அதைப் பார்த்து எடுங்கள்.

ஃபிரேம் செய்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். மைத்துனரின் மெஷினில் அறுத்த ஸ்கொயர் பைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முனை நீலம் பாய்ந்திருந்தது, கீழ் விளிம்பில் பிசிறு பாவாடைக் கரை மாதிரி தொங்கியது. மூலை மட்டத்தை வைத்தால் ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தது. பைப்பைச் சாய்த்து வைக்கும் தடுப்புத் தகடு பிடிப்பு போதாமல் நகர்ந்திருந்தது. ஒரு ஃபிரேமுக்கு 45 பாகையில் எட்டு அறுப்பு. ஒவ்வொன்றிலும் அரைப் பாகை ஒரே பக்கமாகப் பிசகினால் கடைசி மூலையில் நான்கு பாகை இடைவெளி. வெல்டிங்கால் அதை அடைக்கலாம், மட்டமாக்க முடியாது. போதாததற்கு வட்டு 250 மி.மீ.க்குத் தேய்ந்தபின் விளிம்பு வேகம் 50 மீட்டருக்கு இறங்கிவிடும். அறுப்பு மந்தமாகும், ஆள் அழுத்துவார், வட்டு வளைந்து கோணலாகப் போகும்.

அப்படியென்றால் மலிவான பல்வட்டு அறுப்பி வாங்கலாமே என்பீர்கள். அதை நான் சொல்ல மாட்டேன். அதில் பெருஞ்செலவு வட்டுக்குத்தான். பைப்பை இறுக்கும் பிடி தளர்ந்து அது ஒருமுறை துள்ளினால் பற்கள் உடையும், மலிவான மெஷினில் முதலில் தளர்வதே அந்தப் பிடிதான். மாதத்துக்கு நாலைந்து துண்டு அறுப்பவருக்கு ஆக்சா பிளேடும் கையும் போதும்.

ஈழத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பக்கம் ரம்பத்தை வாள் என்பார்கள், மரத்தை வாளால் அரிவார்கள். அங்கே ‘அறுப்பி’ ஒட்டுமா, ‘பல்வட்டு வாள்’ என்பதுதான் இயல்பாக இருக்குமா? கலைச்சொல் பட்டியலில் ஏற்றுமுன் தெரிந்தால் இரண்டையும் சேர்த்தே போட்டுவிடலாம்.