நடுரோட்டுல படுத்து மறியல் பண்ணா மருந்து விலை குறையுமா? ஆக்ட் அப் பத்தி ஒரு கேள்வி

வெண்கொக்கு:
நியூயார்க்ல 1987-ல ஆரம்பிச்ச ஆக்ட் அப்ங்கிற எய்ட்ஸ் போராட்டக் குழு பத்தி இப்பதான் படிச்சுட்டு இருக்கேன், மனசே ஆறல. கூடப் பழகினவங்க ஒவ்வொருத்தரா எய்ட்ஸ்ல செத்துட்டு இருக்காங்க, இருந்த ஒரே மருந்து ஏஇசட்டி, அதுக்கு வருஷத்துக்கு 10,000 டாலர் கிட்ட ஆகுமாம். கோபம் நல்லாவே புரியுது. ஆனா வேலைக்குப் போறவன் வழிய மறிச்சுப் படுத்தா அவன் எப்படிங்க நம்ம பக்கம் வருவான்? நிஜமா ஏதாச்சும் மாறுச்சா?

கரிசல்காடு:
மாறுச்சுங்க. 1989 செப்டம்பர் 14, ஏழு பேர் கோட்டு சூட்டு மாட்டி போலி பேட்ஜ் குத்திக்கிட்டு நியூயார்க் பங்குச்சந்தைக்குள்ள போயிட்டாங்க, அதுல பீட்டர் ஸ்டேலின்னு ஒருத்தர், எச்ஐவி வந்தவர், முன்னாடி வால் ஸ்ட்ரீட்லயே பாண்டு டிரேடரா இருந்தவர். அஞ்சு பேர் பால்கனில சங்கிலி போட்டுத் தங்களப் பிணைச்சுக்கிட்டாங்க. காலைல 9:30 மணி அடிக்கிற நேரம் பார்த்து ஹாரன அழுத்தினாங்க பாருங்க, மணிச் சத்தமே அமுங்கிப் போச்சு! ஏஇசட்டி தயாரிச்ச வெல்கம் கம்பெனியோட பங்க வித்துடுங்கன்னு பேனர், கீழ போலி நூறு டாலர் நோட்டா பறக்குது. மீதி ரெண்டு பேருக்கு போட்டோ எடுத்து வெளிய கொண்டு போற வேலை. சில நாள்லயே அந்த பர்ரோஸ் வெல்கம் கம்பெனி ஏஇசட்டி விலைய 20 சதவீதம் குறைச்சிருச்சு.

மழைத்தூறல்:
சத்தம் மட்டும் போட்டு ஜெயிக்கலங்க, உக்காந்து படிச்சாங்க. 1988 அக்டோபர்ல, மருந்துக்கு அனுமதி குடுக்குற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏவோட ஆபீஸ முற்றுகையிடப் போறதுக்கு முன்னாடியே மருந்து சோதனை எப்படி நடக்குது, எங்க இழுத்தடிக்கிறாங்கன்னு கையேடே போட்டு ஆளாளுக்குச் சொல்லிக் குடுத்திருந்தாங்க. டிவிக்காரன் மைக்க நீட்டினா யாரா இருந்தாலும் பதில் சொல்வாங்க. எனக்கு அவங்க மேல மரியாதை வந்தது இங்கதான்.

வெண்கொக்கு:
சரிங்க, ஆனா 1989 டிசம்பர்ல செயின்ட் பேட்ரிக்ஸ் சர்ச்ல பூசை நடக்குறப்ப உள்ள போய்ப் படுத்தது? அது தேவையா?

கரிசல்காடு:
அதுல 111 பேர் கைது. ஒருத்தர் பூசைல குடுக்குற நற்கருணை அப்பத்த உடைச்சுப் போட்டதுதான் பேப்பர் பூரா வந்துச்சு, அதுல எனக்கும் வருத்தம்தான், குழுவுக்குள்ளயே அதப் பத்திப் பெரிய சண்டை. ஆனா அந்த சர்ச்சோட தலைவரா இருந்த கார்டினல், ஸ்கூல்ல ஆணுறை பத்திச் சொல்லிக் குடுக்கக்கூடாதுன்னு எதிர்த்துட்டு இருந்தாரே, அதயும் சேர்த்துப் பாருங்க. சாவு வீட்டுல இருந்து நேரா கிளம்பி வந்தவங்ககிட்ட மெதுவாப் பேசுன்னு என்னால சொல்ல முடியலங்க.